ஐலிஃப் உள்ளே வர அனுமதி கேட்கிறார்

“செத்துப்போனவங்க லேப்டாப்பை எல்லாம் நீ திறந்து குடுப்பியா, தீரில் பொண்ணே?”

கூட்டுறவுக் கடையில், மாவுப் பைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தனியாக வாழும் குன்வோர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பள்ளியை விட்டு நின்ற பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரே வேலை அதுதான். திரை யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை, பேசச் சொல்வதில்லை.

அவர் வீடு எங்கள் தீவின் கடைசி வீடு. சமையலறை ஜன்னலுக்குக் கீழே படகுக் கொட்டகை, அதற்கப்பால் கடல். நான் போனபோது முற்பகல். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அது சூரியனே எழாத மாதம் என்பதால் வெளியே கும்மிருட்டு. வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

மேசையில் வாஃபிள் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் அந்த லேப்டாப். மூடியின் கீல் உடைந்து கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எழுத்து விசைகளின் இடுக்கில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் கணவர் ஐலிஃப் அதைப் படகில் வைத்துத்தான் கடல் வரைபடம் பார்ப்பாராம். அவர் திரும்பி வராத அன்று மட்டும் அது வீட்டில் இருந்தது. பிறகு படகில் பாதி கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை.

“சாப்பிடு. உங்கப்பன் மாதிரியே உனக்கும் வாயில பூட்டு. அவனாவது திங்கறதுக்குத் திறப்பான்.”

சிரித்துக்கொண்டே மின்கம்பியைச் செருகினேன். லேப்டாப்பின் உள்ளே காற்றாடி இருமிக்கொண்டு சுழன்றது. திரையில் ஐலிஃப் என்ற பெயர் வந்தது. கீழே கடவுச்சொல்லுக்கான கட்டம்.

“படகு பேர் போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நாய் பேரு?”

“நாய்க்கு எங்க பேர் வச்சாரு அந்த மனுஷன்? நாயேன்னுதான் கூப்பிடுவாரு.” காபிக் கெண்டியை எடுத்தார். “என் பேரையும் போட்டுப் பாத்துட்டேன். இல்ல.”

காபியை ஊற்றிக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, கடல்ல போனவங்க கல்லுல அவர் பேரை வெட்டி வைக்கிறாங்க. ஒரு படம் கேட்டாங்க. எல்லாப் படமும் இதுக்குள்ளதான்” என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். “கல்லு கெடக்குது, விடு. எனக்கு அவரோட முகமே மறந்துட்டு வருது, தீரில். மூக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு வரமாட்டேங்குது. ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும்.”

நான் பென் டிரைவைச் செருகினேன். அதன் வழியாக லேப்டாப்பைத் தொடங்கிப் பழைய கடவுச்சொல்லை அழிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. எந்தக் கட்டம் எப்போது வரும் என்று விரலுக்கே தெரியும். அழித்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னேன்.

தொடங்கவில்லை. ஒரு செய்தி வந்தது.

“வேறொருவர் இந்தக் கணினிக்குள் இருக்கிறார். இப்போது அணைத்தால் அவர் வேலை பாதியில் நின்றுவிடும்.”

இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பேர் ஒரே லேப்டாப்பைப் பயன்படுத்தினால் வரும். இந்த வீட்டில் இரண்டு பேர் இல்லை. இணையமும் இல்லை. பழைய கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். கட்டம் மறைந்தது. அடுத்த கட்டம் வந்தது. பழக்கத்தில் ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டேன்.

அழுத்திய பிறகுதான் படித்தேன்.

“ஐலிஃப் உள்ளே வர அனுமதி கேட்கிறார். அனுமதிக்கலாமா?”

திரை இருண்டது.

காற்றாடி நின்றது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. சரளைக் கற்களின்மேல் அலை வந்து பின்வாங்கும் சத்தம் லேப்டாப்பின் உள்ளிருந்து வந்தது. அழுகிய கடல்பாசியும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை மேசையைச் சூழ்ந்தது. எழுத்துகளுக்கு இடையிலிருந்து ஒரு துளி நீர் எழும்பி என் விரல்மேல் வழிந்தது. பனியைவிடக் குளிர்ந்த நீர்.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் நீளமாகக் கூப்பிட்டது.

அதில் வார்த்தை இல்லை. மனிதக் குரல்தான். தொண்டை நிறையத் தண்ணீர் இருந்தால் எப்படிக் கூப்பிட முடியுமோ, அப்படி.

குன்வோர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வாயத் திறக்காத,” என்று கிசுகிசுத்தார். “பதில் சொல்லாத.”

எங்கள் தீவில் அது குழந்தைக்கும் தெரியும். இருட்டில் கடலிலிருந்து கூப்பிட்டால் யாரும் பதில் கொடுக்க மாட்டோம். அது யாருடைய குரலாக இருந்தாலும் சரிதான். பதில் கொடுத்தவரைத் தேடிக்கொண்டு அது கரையேறும்.

“அவர் போனதுலேர்ந்து ஒவ்வொரு குளிர்காலமும் கூப்பிடறாரு,” என்றார் குன்வோர். “நான் தலகாணிய வாயில வச்சு அழுத்திட்டுப் படுத்திருப்பேன். ஒரு தடவகூட பதில் குடுத்ததில்ல. பேசாம இருந்தா போயிடுவாரு.”

அந்த நீர் வழிந்த என் விரலைப் பார்த்தேன்.

“நான் குடுத்துட்டேன்,” என்றேன்.

“என்னடி சொல்ற?”

“உள்ள வரலாமான்னு கேட்டுது. படிக்காம ‘ஆம்’னு அழுத்திட்டேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். என் மணிக்கட்டை விடவில்லை.

கொட்டகையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு காலடிகள். பனியில் நடந்தால் நொறுங்கும் சத்தம் வரும். இது வேறு. தண்ணீர் நிறைந்த ரப்பர் பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் உறிஞ்சி உறிஞ்சி விடும் சத்தம்.

அது வாசல்படி ஏறியது.

நின்றது.

திரை மெல்ல வெளிச்சமானது. ஒரே ஒரு வரி இருந்தது. “வரச் சொன்னது யார்?” அதன் கீழே கட்டம். கட்டத்துக்குள் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் தொடவில்லை. ஓர் எழுத்து விசை தானாக அமுங்கியது. அந்தக் குழியில் நீர் ததும்பியது. அடுத்த எழுத்து. அதற்கடுத்தது.

அது என் பெயரை எழுதிக்கொண்டிருந்தது.

மின்கம்பியைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை. கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. கதவுக்கு அடியிலிருந்து கறுப்பு நீர் தரைப் பலகைகளின் இடுக்கு வழியாக என் காலை நோக்கி வந்தது. ஓட வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

“நகரு,” என்றார் குன்வோர்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். என் பெயரின் கடைசி எழுத்து விழுவதற்குள் அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தார். அது எழுத எழுத இவர் அழித்தார். அவர் விரல் நகங்கள் நீலமாயின. கட்டம் காலியான ஒரு நொடியில், ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் பெயரை எழுதினார்.

குன்வோர்.

என்டரை அழுத்தினார்.

கைப்பிடி மேலே போனது. நீர் என் காலுறையைத் தொடும் இடத்தில் நின்றது.

லேப்டாப் திறந்துகொண்டது. திரை முழுக்க ஒரு படம். படகின் முனையில் ஓர் ஆள் நிற்கிறார். சிவந்த தாடி, அகன்ற மூக்கு, வெளிர்சாம்பல் கண்கள். வெயில் அடிக்கும் கோடை நாள் அது. ஆனால் அவர் தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. படத்துக்குள் துளி துளியாக, நிற்காமல்.

“பாருங்க,” என்றேன். “முகம். கண்ணு தெரியுது, பாருங்க.”

குன்வோர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி முன் நின்று முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆணியில் மாட்டியிருந்த கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டு, பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாட்டினார். கன்னங்கள் சிவந்திருந்தன.

பிறகு கதவைத் திறந்து, இருட்டில் நின்ற யாரையோ நிமிர்ந்து பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார்.