மாடியிலிருந்து இறங்கி வந்த வரிசை

பெருநாள் காலையில் பள்ளிவாசலுக்கு யார் முதலில் வருவார்கள், யார் ஓடோடிக் கடைசியில் வருவார்கள், யாருடைய குழந்தை தொழுகை நடுவில் வீறிட்டு அழும், எல்லாமே மிங்யாவுக்கு அத்துப்படி. வயது பத்துதான். ஆனால் ஜோங்லி ஊரின் அந்தப் பள்ளிவாசல் தன் பொறுப்பில்தான் ஓடுகிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

நினைப்புக்குக் காரணம் இருந்தது. பள்ளிவாசலுக்கு நேர் எதிரே இருந்த மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை அவளுடைய அம்மாவினுடையது. கடை வாசலில் நின்றாலே எல்லோரும் கண்ணில் பட்டுவிடுவார்கள்.

இந்தப் பெருநாள் மிங்யாவுக்கு விசேஷமானது. போன வருடம் வரை மாடியில், பெண்கள் தொழும் கூடத்தில், பின்னால் சின்னப் பிள்ளைகளோடு நின்றாள். இந்த வருடம் அம்மாவுக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் அவளுக்கு இடம்! அதற்காகவே வெள்ளை முக்காட்டை நேற்று இரண்டு தடவை இஸ்திரி போட்டிருந்தாள்.

"மிங்யா, மேல வாடி! அப்புறம் இடம் போயிடும்," என்று அம்மா மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"வரேம்மா! வாசல்ல கொஞ்சம் வேலை இருக்கு."

"உனக்கு யாரு வேலை குடுத்தா?"

யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் மிங்யா வாசலுக்குப் போனாள். இரவு பெய்த மழையில் முற்றம் ஈரமாக இருந்தது. யாராவது வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது?

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். சக்கர நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு தாத்தா. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். பச்சை முக்காடு, புத்தம் புதுப் பாவாடை, பெருநாளுக்கென்றே உடுத்தியது பார்த்தாலே தெரிந்தது. அவள் உள்ளே வரவில்லை. வாசலை ஒட்டி இருந்த ஆலமரத்தடியில் நாற்காலியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

"ஸலாம் அக்கா! மேல போங்க, முன்னாடி வரிசையெல்லாம் ரொம்பிட்டிருக்கு," என்றாள் மிங்யா.

"வ அலைக்கும் ஸலாம், கண்ணு. நான் இங்கேயே நின்னுக்கறேன்."

அவள் பெயர் சுலஸ்திரி. இந்தோனேசியாவிலிருந்து வந்து, இந்த லின் தாத்தாவின் வீட்டிலேயே தங்கி அவரைக் கவனித்துக்கொள்கிறாள். தாத்தாவின் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். பெருநாளுக்கு அவளுக்கு லீவு கிடையாது. அதனால் தாத்தாவையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"போன வருஷமும் இப்படித்தான் மரத்தடியில நின்னு கேட்டுட்டுப் போனேன். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான்," என்றாள் சுலஸ்திரி.

மிங்யாவுக்குச் சுருக்கென்றது. போன வருடம் இந்தச் சக்கர நாற்காலியை அவளும் பார்த்திருந்தாள். ஏன் இங்கேயே நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

"தனியாவாவது தொழுதுருக்கலாமே அக்கா?"

"பெருநாள் தொழுகையைத் தனியா எப்படித் தொழறது? எல்லாரோடயும் வரிசையில நிக்கணும். எங்க ஊர்ல மைதானம் முழுக்க வரிசை நிக்கும், தெரியுமா? எங்கம்மா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம்..." சுலஸ்திரி மேலே சொல்லாமல் தாத்தாவின் சட்டைப் பொத்தானைச் சரி செய்தாள்.

"அவ்வளவுதானே? நான் தாத்தாவைப் பாத்துக்கறேன். நீங்க மேல போங்க," என்றாள் மிங்யா.

"உனக்குத் தொழுகை இருக்கே."

"ஃபேக்டரியில ராத்திரி வேலை பாக்கறவங்களுக்காக ஒன்பது மணிக்கு இன்னொரு தொழுகை நடக்கும். நான் அதுல சேந்துக்குவேன். நீங்களும் அதுல..."

"ஒன்பதரைக்கு இவரு ஆஸ்பத்திரியில இருக்கணும். இந்தத் தொழுகையை விட்டா எனக்கு வேற இல்ல."

"அப்போ இப்பவே போங்க!"

சொல்லிவிட்ட பிறகுதான் முதல் வரிசை ஞாபகம் வந்தது. ஒன்பது மணிக்கு அம்மா கடையைத் திறந்திருப்பாள், பக்கத்தில் நிற்க மாட்டாள். இஸ்திரி போட்ட முக்காட்டை மிங்யா ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

சுலஸ்திரி தயங்கித் தயங்கி மாடிப்படி பக்கம் போனாள். நான்கு படி ஏறியிருக்க மாட்டாள்.

"ஆ-சூ!" என்று ஒரு குரல் முற்றத்தையே உலுக்கியது. "ஆ-சூ! எங்க போறே? ஆ-சூ!"

ஒடிசலான அந்தத் தாத்தாவுக்குள் இவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததோ! சுலஸ்திரி என்ற பெயர் அவர் வாயில் ஆ-சூ ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுலஸ்திரி வேகமாக இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"இங்கதான் இருக்கேன் தாத்தா. எங்கேயும் போகல." பிறகு மிங்யாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "இவரு மேல தப்பு இல்ல, கண்ணு. மூணு வருஷம் முன்னாடி குளியலறையில விழுந்து ரொம்ப நேரம் தனியா கெடந்துட்டாரு. அதுலேருந்து நான் கண்ணுல படலைன்னா பயந்துடுவாரு."

மிங்யா தாத்தாவின் முன்னால் குனிந்து நின்றாள். அவர் பேசுவது ஹொக்கியன் மொழி. அவளுக்கு அது பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு வகுப்பில் கற்றுக்கொண்ட அளவுதான் வரும். "தாத்தா, அக்கா சாமி கும்பிடப் போறாங்க. சீக்கிரம் வந்துடுவாங்க."

"என்ன பேச்சு இது? வாத்து கத்துற மாதிரி இருக்கு," என்றார் தாத்தா. அப்புறம் கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன கோயிலா? அப்போ கட்டையைப் போட்டுக் கேளு. அவ போகலாம்னு உங்க சாமி சொன்னா போகட்டும்."

அவர் போகும் கோயிலில் பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். அவற்றைத் தரையில் போட்டு, எப்படி விழுகிறது என்று பார்த்துச் சாமியின் பதிலைத் தெரிந்துகொள்வார்கள்.

"இங்க கட்டையெல்லாம் கிடையாது தாத்தா."

"அப்போ எப்படித்தான் கேப்பீங்க?"

"கையை ஏந்தி நேரா கேட்டுடுவோம்."

"பதில்?"

எதற்கும் பட்டென்று பதில் சொல்லும் மிங்யா கொஞ்சம் திணறினாள். "வரும் தாத்தா... மெதுவா வரும்."

"எங்க கோயில்ல உடனே வந்துடும்," என்று தாத்தா பெருமையாகத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

ஒலிபெருக்கியில் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது. தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். மிங்யா மாடியைப் பார்த்தாள். படி குறுகலானது, நாற்காலி மேலே போகாது. அக்கா மேலே போனால் தாத்தா கத்துவார். அக்கா கீழே நின்றால் பக்கத்தில் வரிசை இல்லை. தாத்தாவாலும் மேலே போக முடியாது, அக்காவாலும் மேலே போக முடியாது. அப்படியென்றால்...

"அக்கா, இங்கேயே இருங்க!" என்று சொல்லிவிட்டு மிங்யா இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள்.

மேலே ஊசி விழ இடமில்லை. வரிசைகளுக்கு நடுவில் ஷா பெரியம்மா நடந்துகொண்டிருந்தார். பெண்கள் கூடத்துக்கு அவர்தான் எல்லாம். அவரைக் கண்டால் மிங்யாவின் அம்மாவே முக்காட்டைச் சரி செய்துகொள்வாள்.

"இடைவெளி விடாதீங்க! தோளோட தோள் சேரணும்! அங்க யாரு, நடுவுல ஒரு ஆள் படுக்கலாம் போல இருக்கு?" என்று அதட்டிக்கொண்டே போனார்.

"பெரியம்மா, வரிசையில ஒரு இடைவெளி இருக்கு," என்றாள் மிங்யா.

பெரியம்மாவின் புருவம் உயர்ந்தது. தன் வரிசையில் இடைவெளியா? "எங்க?"

"கீழே. ஆலமரத்தடியில."

மிங்யா மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாவம்தான். ஆனா தொழுகை ஆரம்பிக்கப் போகுதேம்மா. இப்ப என்ன பண்ண முடியும்?"

"இடைவெளி இருந்தா பக்கத்துல இருக்கறவங்க நகந்து போய் நிரப்பணும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க? அந்த அக்காவால மேல நகர முடியாது. நாமதான் நகரணும்."

பெரியம்மா திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். தான் சொன்னதையே தன்னிடம் திருப்பிச் சொன்னால் யாரால்தான் என்ன செய்ய முடியும்?

"அதுவும் இல்லாம, இங்க மூச்சு விடவே இடமில்ல பெரியம்மா," என்று கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா கைக்குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே சொன்னாள். "கீழே காத்தாவது வரும். நான் போறேன்."

"நானும்," என்றது இன்னொரு குரல்.

"முற்றம் ஈரமா இருக்குமே!"

"எங்க கடையில நீலத் தார்ப்பாய் இருக்கு!" என்று மிங்யா கத்தினாள்.

"அடியே, அது மழைக்குக் கடை வாசல்ல கட்டுறது!" என்றாள் அம்மா முதல் வரிசையிலிருந்து. ஆனால் சொல்லும்போதே எழுந்து நின்று, இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவியை எடுத்துவிட்டாள்.

அடுத்த சில நிமிடங்களில் நடந்ததை அந்தப் பள்ளிவாசல் அதுவரை பார்த்ததில்லை. பின் வரிசை முழுவதும் குழந்தைகளோடும் விரிப்புகளோடும் படியிறங்கி வந்தது. அம்மாவும் மிங்யாவும் தார்ப்பாயைப் பிரித்துப் போட்டார்கள். அதன் மேல் விரிப்புகள் விழுந்தன. வரிசையின் வலது ஓரத்தில் சுலஸ்திரி, அவளுக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலி. எல்லோருக்கும் கடைசியில் ஷா பெரியம்மாவும் இறங்கி வந்தார்.

"நான் பாக்காம ஒரு வரிசை நிக்கறதா?" என்றவர், சுலஸ்திரியின் தோளைப் பிடித்து அடுத்தவளின் தோளோடு சேர்த்து வைத்தார். "ம். இப்ப சரி."

சுலஸ்திரி நாற்காலியின் சக்கரத்தை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு நேராக நின்றாள்.

"நீ எங்க நிக்கப் போறே?" என்று அம்மா மிங்யாவிடம் கேட்டாள்.

"நான் ஒன்பது மணிக்கும்மா. தாத்தாகிட்ட ஒரு ஆள் இருக்கணும்ல?"

அம்மா சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி. ஒன்பது மணிக்கு நானும் வந்து உன் பக்கத்துல நிக்கறேன்."

"கடை?"

"கடை எங்க ஓடிடப் போவுது?"

தொழுகை தொடங்கியது. சுலஸ்திரி கைகளை உயர்த்திக் கட்டினாள். தாத்தா கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்தார்கள். தாத்தாவின் கண் மட்டத்திலிருந்து பச்சை முக்காடு மறைந்தது.

"ஆ-சூ!"

சுலஸ்திரியின் முதுகு விறைத்தது. எழுந்துவிடுவாளோ? மிங்யா சட்டென்று தாத்தாவின் கையைப் பிடித்துக் கீழே காட்டினாள்.

"அங்க பாருங்க தாத்தா. அக்கா இங்கதான் இருக்காங்க. இதோ எந்திரிப்பாங்க."

"எப்போ?" என்றார் தாத்தா, நம்பாமல்.

"இதோ!"

இமாமின் குரல் கேட்டது. வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஆங்!" என்று தாத்தாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி எல்லோரும் மறுபடி தரையில் நெற்றியை வைத்தார்கள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும் எந்திரிப்பாங்க. பாத்துக்கிட்டே இருங்க."

எழுந்தாள். தாத்தா மிங்யாவின் கையை விடவில்லை, ஆனால் கத்தவும் இல்லை. இரண்டாவது தடவை எல்லோரும் எழுந்து நின்று, குனிந்து, தரையில் பணிந்தபோது மிங்யாதான் பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தாள். தாத்தா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதே. எந்திரிப்பா," என்றார்.

மிங்யா முக்காட்டு நுனியை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

தொழுகை முடியும்போது எல்லோரும் முதலில் வலது பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்வார்கள், பிறகு இடது பக்கம். வலது பக்க ஓரத்தில் இருந்தது யார்? லின் தாத்தா! முற்றத்து வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துத் திரும்பி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது.

தாத்தா அசந்துபோனார். இத்தனை பேர் ஒன்றாகத் திரும்பி அவருக்கு வணக்கம் சொன்னதே கிடையாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். அந்த ஊரில் ஒருவரைப் பார்த்ததும் எப்படி அன்போடு விசாரிப்பார்களோ, அப்படியே எல்லோரையும் விசாரித்தார்:

"சாப்ட்டீங்களா?"

வரிசை இடது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னது. ஆனால் பல தோள்கள் சிரிப்பில் குலுங்கின. ஷா பெரியம்மாவின் தோளும்தான்.

சுலஸ்திரி தொழுகையை முடித்துவிட்டுத் தாத்தா பக்கம் திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. நோன்பு மாதம் முழுவதும் காலையில் எழுந்ததும் தாத்தா அவளிடம் கேட்டது இதே கேள்விதான். அவளும் தினமும், "சாயங்காலம் சாப்பிடறேன் தாத்தா," என்றுதான் சொல்லி வந்தாள். அதைக் கேட்டு அவர் முகம் வாடிப்போகும்.

இன்று அவர் கையைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டேன் தாத்தா. இன்னைக்கு வயிறு நெறையச் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்போ சரி," என்று தாத்தா திருப்தியோடு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.