அம்மா கழுவிய கூண்டுகள்

அம்மாவுக்கு ஆய்வகத்தில் எலிகளோடு வேலை. பயந்துபோன எலியின் இரத்தத்தில் ஒரு ஹார்மோன் கூடிவிடும். அதை அளப்பார். ஒரு வரிசை எலிகளுக்குப் பெரிய சத்தம் போட்டுப் பயமுறுத்துவார்கள். மற்ற வரிசையை நிம்மதியாக விட்டுவிடுவார்கள்.

நிம்மதியாக இருந்த எலிகளுக்கும் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மூன்று மாதமாக, அளக்கும்போதெல்லாம் அதே கதைதான். இந்த வெள்ளிக்கிழமையும் இப்படியே வந்தால் ஆய்வை மூடிவிடுவதாக ஆய்வகத்தை நடத்தும் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மூடினால் அம்மாவுக்கு வேலை போய்விடும்.

"நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

எனக்கு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனேன். எலி அறைக்குள் என்னை விடமாட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்தேன்.

அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம். என் பென்சில் டப்பாவைக்கூட சோப்புப் போட்டுக் கழுவுவார். அன்றும் இரத்தம் எடுக்க ஊசியைத் தொடுவதற்கு முன்னால், காகிதத் துணுக்குக் கூட்டில் குவியலாகத் தூங்கிய நிம்மதி எலிகளைத் தூக்கி, துணுக்கைக் குப்பையில் போட்டு, கூண்டைப் பளபளவென்று கழுவித் திரும்ப விட்டார். அவை எழுந்து நின்று மோப்பம் பிடித்தன. சுவரோரம் ஓடின. ஒன்றுகூடப் படுக்கவில்லை.

நாங்கள் வீடு மாறிய அன்று அம்மா என் பழைய போர்வையையும் துவைத்துவிட்டார். அதில் பழைய வாசனையே இல்லை; அன்று ராத்திரி எனக்கும் இப்படித்தான் தூக்கம் வரவில்லை.

அம்மா வெளியே வந்ததும் சொன்னேன். "அதுங்களுக்கு அது தங்களோட வீடுன்னே தெரியலம்மா. பழைய வாசனை எல்லாம் போயிடுச்சு."

பேசாமல் இருக்கச் சொல்லி எரிந்து விழுந்தார். அப்புறம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அளக்கற அன்னைக்கெல்லாம் காலையில கழுவினேனே. மூணு மாசமா நானேதான் பயமுறுத்தியிருக்கேன்."

அழுதார். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பழைய காகிதத் துணுக்க திரும்பப் போட்டுப் பார்க்கலாமாம்மா?"

குப்பைப் பையிலிருந்து எலிகள் கூடு கட்டியிருந்த காகிதத்தை எடுத்துப் போட்டார். பெரிய டாக்டரிடம் கெஞ்சித் திங்கள்வரை அவகாசம் வாங்கினார். அதுவரை கூண்டைத் தொடவே இல்லை.

திங்களன்று அளந்தபோது நிம்மதி எலிகளின் ஹார்மோன் எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆய்வு தொடரலாம், ஆனால் மூன்று மாதக் கணக்கும் செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார் பெரிய டாக்டர். அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் தலையாட்டினார்.

பிறகு ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி எலி அறைக் கதவில் ஒட்டினார்:

"அளக்கும் நாளில் யாரும் கூண்டைக் கழுவக் கூடாது. முக்கியமாக நான்."