பின்னறைக்கு ஒரு மேஸ்திரி

விலைக்கு வாங்கிய வீட்டில் குடிவந்த அன்றைக்கே பின்னறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்ற சுவரில் மேலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு ஓடியது. கையை ஒருக்களித்து விட்டால் மணிக்கட்டுவரை உள்ளே போகும். சுவர் வயிறு தள்ளி நின்றது. நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டது போன்ற வாடை எப்போதும் அங்கே இருந்தது.

மழைக்கு முன் அந்தச் சுவரைப் பிரித்துக் கட்டியாக வேண்டும். இல்லையென்றால் மேல்தளம் இறங்கிவிடும். பழைய வாடகை வீட்டில் வேறு குடும்பம் வந்தாகிவிட்டது, திரும்பிப் போக இடமில்லை. கணவன் இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலோடு நடமாடினான். மகளுக்கு அந்த ஈரவாடை ஒத்துக்கொள்ளவில்லை. படுத்தால் நெஞ்சு விசிலடித்தது. ஆள் பிடிக்கும் வேலை மனைவியின் தலையில் விழுந்தது.

முதலில் வந்தவர் காரில் வந்த கான்ட்ராக்டர். மடிப்புக் கலையாத சட்டை. "இதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு, மேடம்" என்று சொல்லிக்கொண்டே பின்னறைக்குள் போனார். அவள் டீ போட்டு எடுத்துவருவதற்குள் கார் கிளம்பிப் போயிருந்தது.

மறுநாள் அவளே போன் செய்தாள்.

"உங்க வீட்டுப் பெரியவருக்கு இஷ்டமில்ல போலிருக்கே மேடம். முதல்ல வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"எந்தப் பெரியவர்?"

"பின்ரூம்ல இருந்தாரே. நான் ஆளைப் பாக்கல. குரல்தான் கேட்டுச்சு."

அவள் கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அந்தாளு பாக்குறது நாலு வீடு. எந்த வீட்டுப் பெரியவரோ நம்ம கணக்குல ஏறிட்டார்." அவனுக்கும் அப்பா இல்லை, அவளுக்கும் இல்லை. அந்த வீட்டில் வயதானவர் என்று யாரும் இல்லை.

அடுத்து மாமனும் மச்சானுமாக இருவர் வந்தார்கள். வாய் ஓயாத ஆட்கள். மச்சான் சுவரைப் பார்த்து, "இது எத்தனாவது மாசம்க்கா?" என்று கேட்டான், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். மாமன் உளியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டுக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

அவர் தலையைச் சாய்த்தார்.

"சரிங்கய்யா" என்றார், மெல்ல. சுவரைப் பார்த்து.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் யாரோ மோட்டார் போட்ட சத்தம் மட்டும்தான். ஆனால் மச்சானின் கழுத்து மயிர் சிலிர்த்து நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள். உளியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு இருவரும் வெளியேறினார்கள். கேட்டருகே மச்சான் மட்டும் திரும்பினான்.

"வேணாம்ங்கிறார்க்கா. காதுகிட்ட வந்து சொல்றார். மூச்சு படுது."

அதன்பின் பேச்சு பரவிவிட்டது. சிலர் போனை எடுக்கவில்லை. வருகிறேன் என்ற ஒருவர் தெருமுனையிலிருந்தே திரும்பிப் போனார். வானம் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கறுத்தது. வெடிப்பு அகன்றது. மேலிருந்து சிமெண்டுச் சில்லுகள் உதிர, மகள் இருமும்போதெல்லாம் அவை சேர்ந்து உதிர்வதாக அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் கணவனே சுத்தியலை எடுத்துக்கொண்டு ஊன்றுகோலோடு உள்ளே போனான். ஒரே ஒரு அடிச் சத்தம். பிறகு எதுவும் இல்லை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க?"

அவன் நிமிரவில்லை. "இனிமே என்னைய இந்த ரூமுக்குள்ள விடாத" என்றான்.

சுவரில் கை வைக்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தக் குரல் கேட்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சிமெண்டுக் கடையில் போய் நின்றாள். தெரிந்த ஆட்களையெல்லாம் சொல்லி முடித்த கடைக்காரர் கடைசியில் இழுத்தார்.

"ஒருத்தன் இருக்கான். வேலை சுத்தம். ஆனா பொறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. தங்கச்சிதான் கூட சித்தாளா வரும். மேல இருந்து ஏதாவது விழுந்தா கத்திக் கூப்பிட முடியாதேன்னு யாரும் வெச்சுக்கிறதில்ல."

அவள் அன்றே தேடிப் போனாள். மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து கரண்டியைத் தேய்த்துக் கொண்டிருந்தான். அகலமான, அமைதியான முகம். தங்கை பேசினாள், அவளுடைய கைகள் அதையே அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

"ஒண்ண மறைக்காம சொல்லிடுறேன்மா" என்று ஆரம்பித்து, தேடி வந்தவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கையின் கைகள் நடுவில் நின்றன. பிறகு மெதுவாக மீதியையும் சொல்லி முடித்தன. மேஸ்திரி தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

"மாசக்கணக்கா வேலையில்லக்கா" என்றாள் தங்கை. "காது கேக்காதுன்னுதான் எல்லாரும் வேணாம்பாங்க. அதுக்காகவே வேணும்னு வந்த முதல் ஆளு நீங்கதான்."

தங்கை பின்னறைக்குள் வரக் கூடாது, முற்றத்தில் நின்று கலவை போட்டால் போதும் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை ஜன்னல் வழியாகத் தங்கையின் கையில். ஒருமுறை இழுத்தால் நிமிர்ந்து பார்க்க வேண்டும், தொடர்ந்து இழுத்தால் ஓடிவர வேண்டும்.

முதல் நாள் முட்டுக் கட்டைகளை நிறுத்தி மேல்தளத்தைத் தாங்கவைத்தான். மறுநாள் ஒரு ஓரத்திலிருந்து செங்கல்லைப் பெயர்க்கத் தொடங்கினான். கல் விழும் சத்தம் கேட்கக் கேட்க அவள் உடம்பில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் பசித்துச் சாப்பிட்டாள்.

பாதிச் சுவர் போன பிறகு, நல்ல பகல் வெளிச்சத்தில், மேஸ்திரி வெளியே வந்தான். கைகளால் ஏதோ கேட்டான், கொஞ்சம் கோபமாக.

"ஏன் இழுத்தேன்னு கேக்குறான்" என்றாள் தங்கை. "நான் இழுக்கவே இல்லக்கா."

கயிறு அவள் காலடியில் சுருண்டு கிடந்தது.

அவன் திரும்பப் போனான். தங்கை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் மணலில் விழுந்து பொட்டுப் பொட்டாகப் புள்ளி வைத்தது.

அப்போது தங்கையின் முகம் மாறியது.

"அக்கா, இங்க பிடிங்க."

அவள் பிடித்தாள். கயிறு தளர்ந்துதான் இருந்தது, யாரும் இழுக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் அதிர்ந்தது. விட்டு விட்டு, ஏறி இறங்கி.

"சின்னப் புள்ளையில நான் பேசுறப்போ என் தொண்டைல கை வெச்சுப் பாப்பான்" என்றாள் தங்கை. "பேசுறப்போ தொண்டை இப்பிடித்தான்க்கா அதிரும்."

செங்கல் விழும் சத்தம் நின்றிருந்தது.

தங்கை இழுத்தாள். தொடர்ந்து இழுத்தாள். அவன் வரவில்லை.

மழை கொட்டத் தொடங்கியது. உள்ளே முட்டுக் கட்டை ஒன்று கிறீச்சிட்டது. வாசலில் ஊன்றுகோலைப் பிடித்தபடி கணவன் வெளுத்துப்போய் நின்றான், அவனால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. கயிற்றைத் தங்கையிடம் விட்டுவிட்டு அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

பின்னறையில் அந்த ஈரவாடை மூக்கை அடைத்தது. மீதிச் சுவரில் மேஸ்திரி கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கைகளும் சுவரில் பதிந்திருந்தன. கண் மூடியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு.

பிறந்ததிலிருந்து யாரும் பேசிக் கேட்டிராத ஒருவனிடம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அவனை இடுப்போடு பிடித்து இழுத்தாள். பாறையை இழுப்பது போலிருந்தது. வெளியிலிருந்து தங்கை கயிற்றை முழுப் பலத்தோடு இழுக்க, இருவரும் ஜன்னல் பக்கம் மல்லாந்து விழுந்தார்கள். மீதிச் சுவர் தானாகவே முன்பக்கமாகச் சரிந்தது. அவன் நின்ற இடம் செங்கல் குவியலானது.

முட்டுகள் தாங்கின. மேல்தளம் நின்றது.

பிறகு அவன் வேலையை முடித்துக்கொடுத்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகாத சுவர். வாடை போயிற்று. அடைமழையிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. மகள் நெஞ்சு விசிலடிக்காமல் தூங்கினாள். கணவன் பின்னறைக்கே போய் நின்று பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை என்றான். தப்பித்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் தங்கை வந்து நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"அண்ணன் பேசுறான்க்கா."

அவளுக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் குரல் இல்ல. யாரோ வயசானவரோடது. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு ஒரே பேச்சு. எங்க வீட்ல உக்காந்துக்கிட்டே சொல்றான்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "என் கையைப் பாக்கவே மாட்டேங்கிறான்க்கா. நான் யாருன்னே தெரியல அவனுக்கு."

கேட்டுக்கு வெளியே மேஸ்திரி நின்றான். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கைகள் இரண்டு பக்கமும் செத்துத் தொங்கின. கண்கள் வீட்டை மட்டும் பார்த்தன.

"விடாத" என்றான் கணவன், பின்னாலிருந்து, மூச்சுக் குரலில். "இன்னொரு தடவ நம்மால முடியாது. பாப்பாவ நினைச்சுப் பாரு."

முன்னறையில் மகள் நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை கெஞ்சவில்லை. "எனக்கு அவன் ஒருத்தன்தான்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வெகுநேரம் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திறந்தால் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டால் அந்தப் பெண் எங்கே போவாள் என்பது தெரியவில்லை.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

மேஸ்திரி யாரையும் பார்க்காமல் உள்ளே நடந்தான். பின்னறைக்குள் போய்ப் புதுச் சுவரில் நெற்றியை வைத்தான். மூவரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். சத்தம் எதுவும் இல்லை. முற்றத்து வெயில் மெல்ல நகர்ந்து மதிலேறியது.

கடைசியில் அவன் வெளியே வந்தான். தூக்கத்தில் நடந்தவன் போல விழித்தான். தங்கையைக் கண்டதும் கைகள் எழுந்தன.

தங்கை அவன் மார்பில் முட்டிக்கொண்டு அழுதாள். "பசிக்குதாம்க்கா" என்றாள், அழுகைக்கு நடுவே சிரித்தபடி. "பசிக்குதுன்னு சொல்றான்."

அவர்கள் போன பிறகு கணவன் மகளின் படுக்கையைத் தெருப்பக்க ஜன்னலோரம் நகர்த்தினான்.

பின்னறை ஜன்னலைச் சாத்த அவள் போனாள். சுவர் நேராக, பால்போல் வெளுத்துக் காய்ந்து நின்றது. ஒரே ஓரிடத்தில் தவிர. ஒரு மனிதனின் முகம் வரும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடியில் மூச்சுவிட்டது போல ஈரம் படிந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி மறைந்தது.

பிறகு மெல்லப் பரவியது.

சுருங்கியது.

பரவியது.