அறிவிப்புப் பலகையில் சிவப்பு மை

“அக்கா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் செய்யாத தப்புக்கு.”

வங்காளத் தலைநகரில், பெஹாலா பகுதியில், வசுந்தராவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இப்படிச் சொன்னவன் ஃபிராங்க்ளின். நாகர்கோவில்காரன். ஒரு கால் சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். வசுந்தரா காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் அதிகாரி, எதற்கும் பதறாதவள். அவளுக்கும் சேர்த்துப் பதறுவதற்கு உடன் வேலை செய்யும் நரேன் இருந்தான்.

விஷயம் இதுதான். அதே ஊரில் லேக் கார்டன்ஸ் பகுதியில் ஃபிராங்க்ளின் குடியிருக்கும் அடுக்ககத்தின் செயலாளர் மஹாதேவன், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிராங்க்ளினின் வீட்டுக்காரரும் அவரே. லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அடிக்கடி ஆங்கிலத்தில் அறிவிப்பு ஒட்டுவார். பல மாதங்களாக யாரோ அவற்றைச் சிவப்பு மையால் திருத்துகிறார்கள். நேற்று ஒட்டியதில் ‘டேங்க் இஸ் க்ளீனிங்’ என்று இருந்தது. தண்ணீர்த் தொட்டி தானே எழுந்து எதையோ கழுவுகிறது என்றல்லவா அர்த்தமாகிறது? அதையும் திருத்திவிட்டார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நீதானே என்று மஹாதேவன் ஃபிராங்க்ளின் மேல் பாய்ந்துவிட்டார்.

“அம்மா ஊர் வீட்டை ஒழிச்சுட்டு என்கூட இருக்க வாராங்க. அடுத்த வாரம் ரயில் ஏறுவாங்க. நான் எங்க கூட்டிட்டுப் போவேன்?” என்றான் ஃபிராங்க்ளின்.

“திருத்தினவன் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்” என்றான் நரேன். “டிஸ்கஸ் அபவுட்னு வேண்டாத அபவுட்டைச் சேர்த்து யாராவது சொன்னாலே எனக்குப் பல் கூசும்.”

“அர்த்தம் புரியுதுல்ல? ஏன் கூசணும்?” என்றாள் வசுந்தரா.

“பயந்து பயந்து படிச்சேன் மேடம். அடி வாங்கிப் படிச்சேன். இன்னொருத்தர் பயமே இல்லாம அதை மிதிச்சுட்டுப் போறப்ப எரியுது.”

“அப்ப உனக்குக் கோபம் அவர்மேல இல்ல, உன் வாத்தியார்மேல” என்று சொல்லிவிட்டு வசுந்தரா எழுந்து செருப்பை மாட்டினாள்.

லேக் கார்டன்ஸ் கட்டடத்தின் தரைத்தளத்தில் சரஸ்வதி சிலை இன்னும் இருந்தது. முந்தைய நாள்தான், தை மாசி வாக்கில் வரும் வங்காளிகளின் சரஸ்வதி பூஜை. தேவியின் காலடியில் பாடப்புத்தகங்களும் பேனாக்களும் குவிந்திருந்தன.

முதல் மாடியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற லாஹிரி குடியிருந்தார். நரேனின் சந்தேகமெல்லாம் அவர்மேல்தான். வசுந்தரா வங்காள மொழியில் விசாரித்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நேற்றா? கூரியர்காரனுக்குக் கையெழுத்துக்கூடப் போடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். என் பேனா கீழே தேவியிடம் இருக்கிறது. பூஜையன்று இந்தக் கட்டடத்தில் எந்த வங்காளியும் எழுதமாட்டான்.”

மூன்றாம் மாடியில் மஹாதேவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் மனைவி மீனாக்ஷி காபி கொண்டுவந்து வைத்தார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இந்தக் கட்டடத்தில் இரண்டே தமிழ் வீடுகள், இவர்களுடையதும் ஃபிராங்க்ளினுடையதும்.

“திருத்தறவர் ஒரு அறிவிப்பைக்கூட விட்டதில்லையா சார்?” என்று கேட்டாள் வசுந்தரா.

“ஒண்ணு விடலை. நேத்து ஊரே கீழே பூஜையில இருக்கு. ஒட்டிட்டு மேல வந்து காபி குடிச்சுட்டுப் போறேன், சிவப்பு! எல்லாம் உடனே உடனே. ஒண்ணுதான் தாமதமாச்சு.”

“எது?”

“நவராத்திரியில, நம்ம சரஸ்வதி பூஜை அன்னிக்கு ஒட்டினது. ஆத்துல இருந்த பேனா எல்லாம் பூஜையில வெச்சாச்சு. எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. லேப்டாப்ல அடிச்சு, கரியாஹாட் கடையில பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். பகல் முழுக்க ஒரு கீறல் இல்லை. விஜயதசமி காலம்பற போய்ப் பாத்தா சிவப்பு.”

வசுந்தரா காபியைக் குடித்து முடித்தாள். பிறகு லாஹிரியையும் ஃபிராங்க்ளினையும் மேலே வரச் சொன்னாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நரேன் மட்டும் நின்றான், பதற்றத்தில் அவனால் உட்கார முடியவில்லை.

“சரஸ்வதி பூஜை வங்காளிகளுக்கு ஒரு நாள், நமக்கு ஒரு நாள்” என்று ஆரம்பித்தாள். “ரெண்டு பேருமே அவங்கவங்க நாள்ல பேனாவைத் தொடறதில்லை. திருத்தினவர் நேத்து தொட்டிருக்கார். அதனால வங்காளி இல்லை. நவராத்திரியில மட்டும் தொடலை. தப்பு கண்ணு முன்னாடி தொங்கியும், பல்லைக் கடிச்சுட்டு ஒரு பகல் பொறுத்து, விஜயதசமி அன்னிக்கு முதல் எழுத்தா அதைத் திருத்தியிருக்கார்.”

“அன்னைக்கு துர்கா பூஜை மேடம். ஊரே பந்தல்ல இருந்திருக்கும்” என்றான் நரேன்.

“நேத்தும் எல்லாரும் பூஜையிலதான் இருந்தாங்க. உடனே திருத்தம் வந்துச்சே. ஃபிராங்க்ளின் தேவாலயத்துக்குப் போறவர். அவருக்கு ரெண்டு நாளும் ஒண்ணுதான், நவராத்திரியில காத்திருக்கத் தேவையில்லை. நம்ம வழக்கப்படி பேனாவைப் பூஜையில வைக்கிற வீடு இந்தக் கட்டடத்துல ஒண்ணே ஒண்ணு. அந்த வீட்டுல ஒருத்தர் எனக்குக் கட்டுப்பாடு கிடையாதுன்னு அவரே சொல்லிட்டார்.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. சம்பந்தப்பட்டவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

“நான்தான்” என்றார் மீனாக்ஷி.

மஹாதேவன் மனைவி பக்கம் திரும்பினார்.

“லிஃப்ட்ல வாலிபப் பசங்க இவர் எழுதினதைப் படிச்சுப் படிச்சு சிரிச்சா. எனக்குப் பொறுக்கலை. திருத்திட்டா சிரிக்க ஒண்ணும் இருக்காதேன்னு தோணித்து. ஃபிராங்க்ளின், உன்னைக் காலி பண்ணச் சொல்வார்னு நினைக்கலைப்பா. ராத்திரியெல்லாம் தூங்கலை. இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் இருந்தேன்.”

“ஆத்துலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார் மஹாதேவன் மெல்ல.

“கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னேன். ஒரு வாரம் பேசாம இருந்தேளே.”

லாஹிரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கணவன் மனைவி பேச்சு எந்த மொழியிலும் புரியும்போலும், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மஹாதேவனின் முகம் சிவந்தது. அவமானம்தான். ஆனால் தன்னைப் பார்த்து ஊர் சிரித்ததைப் பொறுக்காத ஒருத்தி வீட்டிலேயே இருந்திருக்கிறாள் என்பது மெல்ல உறைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஃபிராங்க்ளின் முன் போய் நின்றார். கனமான சங்கதி என்றால் அவருக்கு ஆங்கிலம்தான் வரும்.

“ஃபிராங்க்ளின், யூ நோ நீட் டு வெக்கேட்” என்றார். “யுவர் மதர் ஆல்சோ கேன் கம்.”

நரேனுக்குப் பல் கூசியது. மீனாக்ஷியின் உதடு ஒரு கணம் அசைந்து அடங்கியது. காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் ஆங்கிலத்தில் பிழை பிடித்துப் பிழைக்கிற ஃபிராங்க்ளினுக்கு மட்டும் அதில் ஒரு பிழையும் கேட்கவில்லை.