மன்னித்தேன் என்ற ஒரு வரி

புளியங்குடி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் அந்தத் தறிக்கூடம் இருக்கிறது. அங்கே தறி ஓடி நாலு வருடம் ஆகிறது. ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் ஒரு மத்தியான வேளையில், நானும் என் வகுப்புத் தோழி அபிதாவும் ஒத்திகைக்காக அங்கே போய் இறங்கினோம். ஷட்டரைத் தூக்கியதும் பழைய எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. அபிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இங்கன வச்சா பாடணும்? பேய்க்குக்கூட மூச்சு முட்டும்லா" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

எங்கள் கல்லூரியில் அந்த வருடம் புதுமாதிரி இசை நாடகம் ஒன்று போட ஏற்பாடு. வசனமே கிடையாது. அழுவது, கெஞ்சுவது, சண்டை போடுவது எல்லாம் பாட்டிலேயேதான். வெளிநாட்டில் இதை ஓப்பரா என்பார்களாம். எழுதி, மெட்டுப் போட்டு, இயக்கியது செல்வக்குமார். எங்கள் கல்லூரியின் பழைய மாணவன், சென்னையில் சங்கீதம் படித்தவன், என் அண்ணன் இசக்கித்துரையின் உயிர்ச் சிநேகிதன். அவனையும் அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் 'அவர்' போட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

கதை இதுதான். ஒருவன் காரை ஓட்டிவந்து ரோட்டில் ஒரு ஆளை இடித்துவிட்டு ஓடிப்போகிறான். யாரிடமும் மாட்டவில்லை. ஆனால் நெஞ்சு உறுத்துகிறது. கடைசியில் செத்தவனின் தங்கையைத் தேடி வந்து மண்டியிடுகிறான். அவள் 'மன்னித்தேன், போய் வா' என்று பாட, திரை விழுகிறது. கார்க்காரன் செல்வக்குமார். தங்கை நான்.

என் அண்ணனும் அப்படித்தான் போனான். மூன்று வருடத்துக்கு முன்னால், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை முடிந்து, வண்டியில் ஒரு மூட்டை எலுமிச்சையோடு வரும்போது. மோதியது அடையாளம் தெரியாத வாகனம் என்று போலீஸ் காகிதத்தில் எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் வந்து நின்று அழுதவன் செல்வக்குமார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிபட்ட அந்த நிமிசமே போயிட்டாம் சித்தி. வலியே தெரிஞ்சிருக்காது" என்றான். மூன்று வருடமாக அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள்.

"இது இசக்கிக்கு நான் செய்யுத மரியாதை. நீதான் பாடணும் கோமதி" என்று அவன் கேட்டபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாவது நாள் கூட்டுப் பாடலை அபிதா பதிவு செய்தாள். பாடியது எட்டுப் பேர். திரும்பப் போட்டுக் கேட்டபோது ஒன்பது குரல் இருந்தது.

ஒன்பதாவது குரல் தரையோடு தரையாகக் கேட்டது. எல்லோரும் முடித்த பிறகு அது முடித்தது.

"தகரக் கூரைல்லா. எதிரொலிக்கத்தான் செய்யும்" என்றான் செல்வக்குமார்.

மறுநாள் வாடை வந்தது. தறி எண்ணெய்க்கு நடுவே, நசுங்கின எலுமிச்சை வாடை. ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடியவை. மின்விசிறியை நிறுத்தினோம், வாடை நகரவில்லை. அது என் அண்ணன் சட்டையின் வாடை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவனுக்கு முன்னால் அதுதான் வரும்.

"பக்கத்துல யாரும் ஊறுகா போடுவாக" என்று செல்வக்குமார் சொன்னான். பக்கத்தில் வீடே கிடையாது. சொல்லிவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் வெயிலில் நின்றான்.

நாடகத்தன்று காலை பதினோரு மணிக்குக் கடைசி ஒத்திகை. கார்க்காரனின் பாட்டில் ஓரிடம் வரும். இடிபட்டவன் உயிரோடு கிடந்து ஒரே ஒரு முறை தண்ணீர் கேட்டான் என்று அவன் பாடுவான். எல்லாம் கற்பனை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒத்திகை முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நானும் அபிதாவும் செல்வக்குமாரும் மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பதிவைக் கேட்டோம்.

அந்த வரி வந்தது. பின்னணி இசை நின்றது.

"தண்ணி."

பாடிய குரல் இல்லை. பேசிய குரல்.

"தண்ணி."

அபிதா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தண்ணி."

மொத்தம் ஏழு முறை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக, காய்ந்த நாக்கிலிருந்து வந்தது. ஏழாவது முறை வெறும் காற்றுதான்.

செல்வக்குமார் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டான். அடித்தொண்டையில் சொன்னான்.

"ஏலே, பொய் சொல்லாத. நாலு தடவதான கேட்ட."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டபோதுதான் விளங்கியது.

"நிமிசத்துல போயிட்டாம்னு சொன்னீங்களே அண்ணே" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "சீட்டுல பாட்டில் கெடந்துச்சு. அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதும்பாங்கள்லா… யாரோ வாற சத்தம் கேட்டுச்சு. வண்டிய எடுத்துட்டேன்."

"ஒங்களத் தெரிஞ்சுதா அவனுக்கு?"

"செல்வா செல்வான்னுதான் கூப்பிட்டான்."

எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டவன் இவன். பாடைக்குத் தோள் கொடுத்தவன். பதினாறாம் நாள்வரை எங்களோடு தரையில் படுத்தவன். மூன்று வருடமாக என்னைத் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டது இந்த ஒரு வரியை என் வாயிலிருந்து வாங்குவதற்குத்தானா? காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாயில் எச்சில் இல்லை.

"அந்த ஒரு வரிய மட்டும் பாடிரு கோமதி. அதுக்காகத்தான் இம்புட்டையும் எழுதுனேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "வெளிய சொல்லுவ. சரி. தாகத்தோட கெடந்துதான் போனாம்னு தெரிஞ்சா சித்தி தாங்குவாகளா?"

அம்மா தாங்க மாட்டாள், அதுதான் உண்மை. அதனால்தான் அவனை நான் அவ்வளவு வெறுத்தேன்.

மூன்று மணிக்குக் கல்லூரி அரங்கில் நாடகம் தொடங்கியது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செல்வக்குமார்தான் தன் காரை அனுப்பி அவளைக் கூட்டிவரச் செய்திருந்தான். எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அவன் மண்டியிட்டுக் கை கூப்பினான். நிஜமாகவே அழுதான். வயலின் ஒரு முறை என் வரிக்கு வழிவிட்டது. நான் பாடவில்லை. மறுபடியும் வழிவிட்டது. பாடினால் அண்ணனை நானும் அந்த ரோட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி. பேசினால் அம்மா அதோடு முடிந்தாள். வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

பின்னணி இசை தானாக நின்றது.

அரங்கில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று அபிதா பின்னால் சொன்னாள். பதிவிலும் ஒன்றும் இல்லை. ஆனால் முன்வரிசையில் அம்மா தலையைச் சாய்த்துக் கவனித்தாள். பையைத் துழாவித் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எழுந்து பக்கவாட்டுப் படியில் ஏறி மேடைக்கு வந்தாள்.

மண்டியிட்டிருந்த செல்வக்குமாரை அவள் பார்க்கவே இல்லை. அவனைத் தாண்டி வந்தாள். எனக்கு இடது பக்கம் காலியாக இருந்த இடத்தில் நின்றாள்.

"அண்ணன் தண்ணி கேக்கான். ஒனக்குக் கேக்கலியாட்டி?" என்றாள் மெதுவாக.

குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். படுத்திருக்கிறவனின் தலையைத் தாங்குவதைப்போல ஒரு கையை மடக்கிக்கொண்டாள். மறுகையால் பாட்டிலைச் சரித்தாள்.

தண்ணீர் கோடாக இறங்கியது.

மேடைப் பலகை நனையவில்லை.

ஒரு லிட்டரும் இறங்கியது. ஒரு சொட்டுகூடத் தரைக்கு வரவில்லை. இதுவும் நாடகம்தான் என்று நினைத்துப் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். செல்வக்குமார் மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தான். பக்கத்திரை அவன் முதுகில் முட்டியது.

அம்மா தன் மடக்கிய கையை நோக்கிக் குனிந்து காதை வைத்தாள். கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டாள். பிறகு முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். காலிப் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

"இன்னும் கேக்கான் செல்வா. ஒன் கையாலதான் வேணுமாம்."