பேர் கேட்பவள்

காலைப் பார்வை நேரத்தில், லாரி மெக்கானிக் மாற்றுத்துணிப் பையோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தார். பினாயில் வாடை மூக்கில் ஏறியது. கடைசிக் கட்டிலில் அவர் மனைவி. பன்னிரண்டு வருடமாகத் தெருவுக்கே சட்டை தைத்துக் கொடுத்தவள். சாதாரணக் காய்ச்சல்தான், ஐந்தாம் நாள் விட்டும் போனது. மறுநாள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"வைரஸ் வந்துட்டுப் போனதுல மூளை வீங்கியிருக்கு," என்றார் டாக்டர். "மறதி வரும், குழப்பம் வரும். இல்லாத ஆள் இருக்கற மாதிரி தெரியும். மருந்துக்குக் கேட்கும், பயப்படாதீங்க."

மெக்கானிக் கட்டிலருகே இருந்த ஸ்டூலை இழுக்கப் போனார்.

"அதுல உட்காராதீங்க," என்று கிசுகிசுத்தாள் மனைவி. "அவ உட்கார்ந்திருக்கா."

ஸ்டூல் காலியாக இருந்தது.

"எவ?"

"ஒவ்வொண்ணா பேர் கேட்கறா. சொல்லிடறேன். சொன்னதும் எனக்கு மறந்துடுது." தட்டிலிருந்த கரண்டியைக் காட்டினாள். "காலையில இதைக் கேட்டா."

"லாரி இன்ஜினையே பிரிச்சு மேயறவன்கிட்ட பேய்க்கதையா?" என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்டூலின் மெத்தையில் ஒரு பள்ளம். யாரோ முன்னால் சாய்வதுபோல, அது மெல்ல நகர்ந்தது. நாள்பட்ட ஈரத்துணியின் வாடை முகத்தில் அடித்தது.

"இப்ப என்ன கேட்கறா?"

அவள் கண் நிரம்பியது. "நம்ம பொண்ணு பேரை."

அவள் உதடுகள் தாமாகப் பிரிந்தன.

அவர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். காலி ஸ்டூலைப் பார்த்து, "அவளை விட்டுடு," என்றார். "என்னைக் கேளு. நான் மட்டும் என் பொண்ணைக் கூப்பிடற செல்லப்பேர் ஒண்ணு இருக்கு."

ஸ்டூலை நோக்கிக் குனிந்தார். அந்தப் பேரைச் சொன்னார்.

ஸ்டூல் மெத்தையின் பள்ளம் நிமிர்ந்தது.

அதன்பின் மருந்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சொல்லாக அவளிடம் திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். வீக்கம் வற்றிவிட்டது என்றார் டாக்டர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று மெக்கானிக்கும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அத்தை வீட்டில் விட்டிருந்த மகள் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பினாள். மதியம் முன்னறையில் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிடலாம் என்று மெக்கானிக் அவள் பின்னால் வந்து நின்றார்.

வாயைத் திறந்தார்.

அந்தச் செல்லப்பேர் நாக்கில் வரவில்லை. அடியோடு மறந்துபோயிருந்தது.

அப்போது, பூட்டிக் கிடந்த மாடியறையிலிருந்து, அவருடைய குரலே, அவருக்கே உரிய செல்ல இழுப்போடு, அவர் மறந்த அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது.

மகள் பேனாவை மூடினாள்.

"இதோ வரேன்ப்பா," என்று மாடிப்படி ஏறத் தொடங்கினாள்.