கெடாத சோற்றின் மாதக் கட்டணம்

“ஈ எப்ப வரணும் அக்கா?”

“கட்டணம் முடிஞ்ச அன்னைக்கே. சாயங்காலத்துக்குள்ள.”

“அவ்வளவு சீக்கிரமா? சோறு புளிக்கவே ஒரு நாள் ஆகுமே.”

“நம்ம சைகோன் வெயில்ல ஆகாது. ரெண்டாம் நாள் புழு. மூணாம் நாள் பாக்கறவனுக்குக் குமட்டணும். குமட்டினாத்தான் கட்டுவான்.”

துவான் சிரித்துக்கொண்டே கணினியில் நேரத்தை மாற்றினான். நிரல் எழுதும் பையன். லோவானை அக்கா என்றுதான் கூப்பிடுவான். லோவான் சிரிக்கவில்லை. அவளுக்கு இது சிரிப்பு விஷயமாக இல்லை. ஐந்து வருடமாக லட்சக்கணக்கான பேர் கைப்பேசியில் காசில்லாமல் ஆடிவரும் ஆட்டம் அது. ஆளுக்கொரு சின்ன வீடு, ஒரு அடுப்பு, ஒரு சாப்பாட்டு மேசை. சமைக்கலாம், விருந்தாளியைக் கூப்பிடலாம். சமைத்தது கெடாமல் இருக்க இனிமேல் மாதம் நாற்பத்தொன்பதாயிரம் டோங் கட்ட வேண்டும் என்ற யோசனை அவளுடையது. கூட்டத்தில் அதைச் சொன்னபோது யாரோ கை தட்டினார்கள். சம்பளமும் ஏறியது.

அழுகலையும் அவள்தான் உண்டாக்கினாள். அலுவலகச் சமையலறை ஜன்னலோரம் மூன்று கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் சோறு, ஒன்றில் பன்றிக்கறி, ஒன்றில் விரால் மீன். இரண்டு வாரம் மணிக்கொரு தரம் படம் எடுத்தாள். சோற்றின் பளபளப்பு போய், இடது ஓரத்தில் நீலப் பூஞ்சை பூத்து, கறியின் கொழுப்பு வெடித்து, மீனின் கண் உள்ளே விழுந்ததெல்லாம் அந்தப் படங்களில் இருந்தன. கூட வேலை செய்தவர்கள் இரண்டு வாரமும் வெளியில் போய்ச் சாப்பிட்டார்கள்.

அடுத்து, கட்டணம் தீர்ந்துபோன ஆட்டக்காரர்களின் கணக்குகள் சோதனைக்குத் தேவைப்பட்டன. ஒரு கணக்குத் திறக்க அடையாள அட்டை எண் வேண்டும். உயிரோடிருப்பவர்களின் எண்ணைப் போட்டால் ‘பணம் கட்டுங்கள்’ என்று அவர்களுக்கு ஓயாமல் செய்தி போகும், அவர்கள் திட்டுவார்கள். அதனால் செத்தவர்களின் எண்ணைப் போடுவது அந்த அலுவலகத்தில் வழக்கமாகியிருந்தது. துவான் அவனுடைய தாய்மாமாவின் எண்ணைப் போட்டான். லோவான் தன் அப்பாவின் எண்ணைப் போட்டாள். லே வான் ஞோன். மூன்று வருடத்துக்கு முன் மருத்துவமனைப் படிவங்களில் எழுதி எழுதி அந்த எண் அவள் விரலுக்கே மனப்பாடம்.

வியாழக்கிழமை அவருடைய கணக்கில் ‘கட்டணம் முடிந்தது’ என்ற கட்டத்தைத் தொட்டாள். திரையில் அந்தச் சின்ன வீட்டு மேசையில் சோறு மெல்லச் சாம்பல் நிறமாயிற்று.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. புளிப்பும் அடியில் ஒரு தித்திப்புமாக, ஈரத் துணியை மூடிய வாளியில் மறந்து வைத்தது போல. அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை அப்பாவின் திதி.

சந்துக்குள் இருந்த அந்த ஒடுக்கமான வீட்டில் காலையிலிருந்தே அம்மா அடுப்பைவிட்டு நகரவில்லை. தொண்டையில் புற்று வந்து, கடைசி நாற்பது நாள் குழாய் வழியாகக் கஞ்சி இறங்க, மண்சட்டியில் காய்ச்சிய விரால் மீன் ஒரு துண்டு வேண்டுமென்று காகிதத்தில் எழுதி எழுதிக் காட்டிவிட்டுப் போன மனிதர் அவர். போன இடத்தில் ஒன்றும் கிடைக்காது, வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவர் வயிறு நிறையும் என்று அம்மா நம்பினாள். லோவான் எதையும் நம்புகிறவள் அல்ல. ஆனால் இதை நம்பினாள். இல்லையென்றால் அந்தக் காகிதங்களை அவளால் மறக்க முடிந்திருக்காது.

தேங்காய்த் தண்ணீரில் வெந்த பன்றிக்கறி, பாகற்காய் சூப், மண்சட்டி மீன், சோறு. அம்மா எதையும் ருசி பார்க்கவில்லை. அவர் வாய் வைக்கும் முன் நாம் வைக்கக் கூடாது, உப்பெல்லாம் கைக்கணக்குதான். மாடத்தில் இருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பரப்பி, அவருடைய கிண்ணத்தின் மேல் சாப்பாட்டுக் குச்சிகளை வைத்து, ஊதுபத்தியை ஏற்றினாள். அது எரிந்து தீரும்வரை அவர் சாப்பிடுகிறார் என்று கணக்கு. தீர்ந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

வெளியே நடுப்பகல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழும்போதே ஒரு ஈ வந்து கறியின் மேல் உட்கார்ந்தது.

அம்மா மூக்கைச் சுளித்தாள். “அந்தக் கறிக்கடைக்காரி அஞ்சு மணிக்கு வெட்டினதுன்னு சத்தியம் பண்ணினாடி. எந்த வருஷத்து அஞ்சு மணின்னு கேக்காம வந்துட்டேன்.” கறியை எடுத்துக் கொட்டினாள். அடுப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது; அது மணமாகத்தான் இருந்தது. அதை வைத்தாள். திரும்பி வருவதற்குள் அதுவும் நாறியது. மீனும் நாறியது. அந்த மீன் எட்டு மணிவரை வாளியில் நீந்திக்கொண்டிருந்தது. அம்மாவே அதை அடித்து அறுத்தாள். அதைக் கறிக்கடைக்காரி தலையில் போட வழியில்லை. அம்மா மறுபடியும் உலை வைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

லோவான் சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் சூடு ஆறாத சோறு எடுத்துக்கொண்டு மாடத்தை நோக்கி நடந்தாள். கதவருகில் அது வெள்ளையாக இருந்தது, ஆவி பறந்தது. நாற்காலி அருகிலும் வெள்ளைதான். படத்துக்கு முன்னால் வைத்தாள், குனிந்து பார்த்தாள். பருக்கை பருக்கையாகப் பளபளப்பு போயிற்று. பிறகு நீலம்.

இடது ஓரத்தில்.

இந்த வீட்டில் ஜன்னல் வலது பக்கம் இருந்தது. இடது ஓரத்தில் பூஞ்சை பூத்தது அலுவலகச் சமையலறையில், ஜன்னலை ஒட்டிய பக்கத்தில். கறித்தட்டைப் பார்த்தாள். கொழுப்பு நடுவில் மூன்று கிளையாக வெடித்திருந்தது, நடுக்கிளை மட்டும் கொக்கி போல வளைந்து. அந்த வளைவைப் பெரிதாக்கி, நிறம் கூட்டி, ‘இன்னும் ஈரமாக’ என்று ஓவியரிடம் மூன்று முறை திருப்பி அனுப்பியவள் அவள். இது வேறு எந்த அழுகலும் இல்லை. அவள் எடுத்த படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அதே வரிசையில். இனி கறியில் புழு. மீனின் கண். பிறகு மீனிலிருந்து வடியும் அந்தத் தண்ணீர்.

புழு வந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு கைப்பேசியில் துவானைக் கூப்பிட்டாள். அப்பாவின் கணக்கை அங்கிருந்தே திறந்துவிடச் சொன்னாள். காலை ஒன்பது மணிக்கே புதுக் கட்டணம் அமலுக்கு வந்து சோதனைக் கணக்கெல்லாம் நிஜக் கணக்காகிவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றான் அவன். புதுப்பிப்பது சுலபம், காசை யார் வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் கணக்குக்காரர் கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, உங்க வீட்லயும் நாத்தம் வருதா?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

ஊதுபத்தி இரண்டு விரற்கடை இருந்தது. பின்கட்டில் அம்மா மீன் சாற்றைக் கொதிக்க விடும் ஓசை. மாடத்தின் கீழே ஏதோ சொட்டும் ஓசை. எது மழை, எது மீனிலிருந்து வடிவது என்று பிரிக்க முடியவில்லை. அவருக்கு முன்னால் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். கொஞ்சம் குறைந்திருந்தது. நெளியும் சோற்றில் ஒரு பள்ளம், குச்சியால் எடுத்தது போல. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடப் பசி. வேறு கிடைக்காமல், இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கைப்பேசியில் அப்பாவின் கணக்கைத் திறந்தாள். நாற்பத்தொன்பதாயிரம் கட்டினாள். திரையில் ஒரு வட்டம் வந்தது.

‘முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்.’

கைப்பேசியை அப்பாவின் படத்துக்கு நேராகப் பிடித்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த அதே படம், வெள்ளைச் சட்டை, ஒட்டிய கன்னம். வட்டம் பச்சையாயிற்று. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

‘இடப்பக்கம் திரும்பவும்.’

காகிதப் படம் எப்படித் திரும்பும். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று திரையைப் பார்த்தாள். திரையில் அப்பா இடப்பக்கம் திரும்பியிருந்தார். பிடரி தெரிந்தது. மருத்துவமனைத் தலையணையில் தேய்ந்து முடி கொட்டிய பிடரி. எந்தப் படத்திலும் இல்லாத பிடரி.

கைப்பேசியைத் தாழ்த்தி, படத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

‘கண்களை மூடித் திறக்கவும்.’

மூடினார். திறந்தார். ஒரு கண் திறக்கத் தாமதமாயிற்று. ஒட்டியிருந்தது.

பத்தியின் சாம்பல் உதிர்ந்தது.

‘வாயைத் திறக்கவும்.’

திறந்தார். மெல்ல. தாடை இறங்க இறங்கக் கன்னம் நீண்டது. முதலில் ஒரு ஈ. பிறகு எண்ண முடியாத ஈக்கள். உள்ளே நாக்கு இல்லை. உள்ளே சோறு இருந்தது. மென்றும் இறங்காத சோறு, தொண்டை அடைத்து, நீலம் பூத்து, அசைந்து. வாடை திரையிலிருந்து வரவில்லை. மாடத்திலிருந்து வந்தது. சூடாக, மூச்சாக, அவள் விரல்களின் மேல்.

‘சரிபார்க்கப்படுகிறது. அப்படியே இருக்கவும்.’

சின்னச் சக்கரம் சுற்றியது.

சுற்றியது.

பத்தி அணைந்தது. பின்கட்டில் அம்மா, “வெந்துருச்சு, எடுத்துட்டு வரவா?” என்றாள். சக்கரம் நிற்கவில்லை. வாய் மூடவில்லை. ஓரங்கள் கிழியத் தொடங்கின. தாடை கழுத்தைத் தாண்டி இறங்கி, வெள்ளைச் சட்டையின் முதல் பொத்தானைத் தொட்டது. அந்தச் சோற்றுக்கு அடியிலிருந்து, நாற்பது நாள் பேசாமல் போன குரல், குழைந்து, நனைந்து, மரியாதையாகக்கூட வந்தது.

“பாப்பா, சோறு போகட்டும். இந்த வாய மூடணும். அதுக்கு மாசம் எவ்வளவுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.”